தனியாள்

டாக்டர் பழைய சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். சின்ன வயதுப் பெண். ஒரு சொல்லில் அவள் கண் நின்றது.

"அந்தக் காலத்துல இப்படித்தான் சார் எழுதுவாங்க. இப்ப இந்த வார்த்தை கிடையாது. மாத்தித் தந்துடறேன்."

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் தலையாட்டினார்.

இடியட்.

பக்கத்து நாற்காலியில் அக்கா. எழுபத்திரண்டு வயது. துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அப்பாவின் ரயில்வே பென்ஷன் அவளுக்குத் தொடர வேண்டுமென்றால் புதுச் சான்றிதழ் வேண்டும்.

போன வாரம் டிரங்குப் பெட்டியிலிருந்து இந்தக் காகிதத்தை எடுத்ததும் அவர் நூலகத்துக்குப் போனார். பெரிய ஆங்கில அகராதி.

முட்டாள் என்றிருந்தது. மூளை வளராதவர் என்றிருந்தது. மருத்துவத்தில் இப்போது வழக்கில் இல்லை என்ற குறிப்போடு.

அடியில், பொடி எழுத்தில், சொல் பிறந்த இடம். கிரேக்கம்.

தனியாள். ஊர்க்காரியம் எதிலும் சேராதவர்.

அக்காவா சேரவில்லை? கல்யாண வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் அவளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியது யார்?

"பேரு சொல்லுங்கம்மா."

"சண்முகவடிவு."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

டாக்டர் அவரைக் காட்டினாள். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

அக்கா தலையை நிமிர்த்தினாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். நர்ஸ். கதவோரம் முறைக்குக் காத்திருந்த இரண்டு பேர். பிறகு அவர் முகம்.

"இவுகளா? யாரோ, தெரியலையே."

காலையில்தான் தம்பி, தம்பி என்று நாலு தடவை கூப்பிட்டாள். அந்த வீட்டில் கூப்பிட அவளுக்கு வேறு ஆள் இல்லை. அவருக்கும் இல்லை.

டாக்டர் பேனாவை எடுத்தாள்.

அவருக்கு ஒரு பழைய சத்தியம் நினைவுக்கு வந்தது.

அப்போது அவருக்குப் பதினோரு வயது. அவர் மறந்துவிட்டுப் போன சோற்றுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அக்கா பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்றாள். பையன்கள் சிரித்தார்கள். அவளைச் சுவருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். ஆட்கள் முன்னால் என்னைத் தெரியும் என்று சொல்லாதே. அவள் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினார்.

சாயங்காலம் விளையாடப் போனவர் அதை மறந்தும் போனார்.

"கூடப்பிறந்தவரை அடையாளம் தெரியவில்லை," என்று சொல்லிக்கொண்டே டாக்டர் எழுதினாள்.

"அத எழுதாதீங்கம்மா. அவளுக்குத் தெரியும்."

"தெரியலேன்னு இருந்தாத்தான் சார் உங்களுக்கு நல்லது. சீக்கிரம் கிடைச்சுடும்."

அவர் எழுந்தார். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "அக்கா," என்றார்.

அவள் பதறிக் கதவோரம் இருந்தவர்களைப் பார்த்தாள்.

பிறகு அவரைப் பார்த்து, உதட்டின் மேல் விரலை வைத்தாள்.