சங்கிலி போட்ட கதவு

பதினோராம் மாடியில் தன் வீட்டுக் கதவை நான்கு விரல் அகலத்துக்குத் திறந்துகொண்டு நிற்கிறாள் சிவமலர். அதற்கு மேல் திறக்கவிடாமல் சங்கிலி இழுத்துப் பிடிக்கிறது. வெளியே நடைபாதையின் மஞ்சள் வெளிச்சத்தில், பனி உருகி வடியும் சப்பாத்துக் கால்களோடு வதனி நிற்கிறாள். அரசின் வாடகை உதவியில் குடியிருப்பவர்களுக்கு வைத்திய உதவி ஒழுங்குசெய்வது அவள் வேலை. தொண்ணூற்றாறாம் ஆண்டின் இந்த மாரிக் குளிர் தொடங்கியதிலிருந்து சிவமலர் வெளியே இறங்கியதில்லை. வாசலைத் தாண்ட நினைத்தாலே ஊர் யுத்தத்தின் ஷெல்லடிக்குள் திரும்பவும் அகப்பட்டதுபோல நெஞ்சு படபடக்கிறது.

"அக்கா, தமிழ் கதைக்கிற நேர்ஸ் ஒராள் இருக்கிறா. வீட்டுக்கே வருவா."

"எனக்கு வருத்தம், நோய் எண்டு எழுதினால் வீட்டைப் பறிச்சுப்போடுவினம்."

"இல்லையக்கா. வீட்டுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சத்தியமா."

சிவமலர் அந்த முகத்தையே பார்க்கிறாள். புகைபோல் ஈரம் படிந்த மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. சங்கிலியைக் கழற்ற வேண்டுமானால் கதவை ஒருதரம் சாத்தத்தான் வேண்டும். சாத்துகிறாள். வியர்த்த விரல்களில் கொளுக்கி வழுக்குகிறது. 'நில்லுங்கோ, திறக்கிறன்' என்று சொல்ல வாயெடுக்கிறாள், குரல் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கிறது. பிறகு, ஈரச் சப்பாத்துகளின் சத்தம் மெல்லத் தூரப்போகிறது.