ஆறுச்சாமி ஏறிய பாய்ப்பலகை

"இன்னொரு தடவை ஏறிப் பாருங்கண்ணா. இப்ப பாய்மரத்தைப் பின்னால தள்ளி வெச்சிருக்கறேன்."

தேஜஸ்ரீ சொல்லியும் ஆறுச்சாமி எழுந்திருக்கவில்லை. மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திவிட்டு, அணைக்கரை மண்ணில் அப்படியே சரிந்து உட்கார்ந்திருந்தார்.

"இனி ஆகறதில்லீங்க அம்மணி. காலையில இருந்து இந்தத் தண்ணியத்தானே குடிச்சிட்டு இருக்கறேன்."

அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவு. வாரம் முழுக்க ஷிப்மென்ட் அவசரத்தில் அட்டைப்பெட்டி தூக்கிய உடம்பு. ஞாயிற்றுக்கிழமையாவது அடித்துப் போட்ட மாதிரி தூங்கலாம் என்றிருந்தவரை முதலாளி கூப்பிட்டார். "நீங்க குண்டடத்துக்காரர், கிணத்துல நீச்சல் பழகினவர்தானே?" என்று கேட்டு இங்கே அனுப்பிவிட்டார்.

பாய்மரம் பூட்டிய பாய்ப்பலகையில் நின்று ஓட்டுகிறவர்கள் போடும் முழுக்கைச் சட்டை அந்தக் கம்பெனியில் தயாராகிறது. அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் தண்ணீரில் போவதை வீடியோ எடுத்து சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்ப வேண்டுமாம். பலகையையும் பையரே அனுப்பியிருந்தார். ஆர்டர் விஷயங்களைக் கவனிக்கும் தேஜஸ்ரீ செல்போனோடு கூட வந்திருந்தாள்.

பலகையின் நடுவில் நீளமாக ஒரு பள்ளம். பாய்மரத்தின் அடியை அதில் முன்னும் பின்னும் நகர்த்தித் திருகிக்கொள்ளலாம். காற்றைப் பார்த்து இடம் மாற்ற வேண்டும் என்று தேஜஸ்ரீ படித்துவிட்டு வந்திருந்தாள். காலையில் காற்று மந்தமாக இருந்தபோது முன்னால் வைத்துக் கொடுத்தாள். பலகை மூக்கைத் தண்ணீருக்குள் குத்திக்கொண்டு அவரைக் குப்புறத் தள்ளியது. இப்போது பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று பலமாக வீச, பின்னால் வைத்திருக்கிறாள்.

வேறு வழியில்லாமல் ஆறுச்சாமி முக்கி முனகி ஏறினார். பாயைத் தூக்கி நிறுத்தியதுதான் தாமதம், பலகை மூக்கைத் தூக்கியது. பாயின் பிடிகம்பியை விடாமல் தொங்கிப் பார்த்தும் பயனில்லை. மல்லாக்க விழுந்தார்.

தேஜஸ்ரீ முழங்கால் தண்ணீர் வரை ஓடி வந்தாள். "அடி ஏதும் பட்டிருச்சுங்களாண்ணா? கையைத் தூக்குங்க. இங்க இழுக்குதுங்களா?"

ஒவ்வொரு முறையும் இப்படித்தான். கையைத் தூக்கச் சொல்லி, தோளையும் அக்குள் பக்கத்தையும் உற்றுப் பார்ப்பாள். வீட்டில் ஆறுச்சாமியின் மனைவி சுப்பாத்தாளும் இன்னொரு கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிறவள். கை வலிக்கிறதா என்று ஒருவரை ஒருவர் கேட்கக்கூட இருவருக்கும் தெம்பு இருப்பதில்லை. யாரோ பெற்ற பெண் இப்படிக் கேட்கிறாளே.

"ஒண்ணும் இல்லீங்க அம்மணி. இன்னொருக்கா ஏறறேன்" என்றார்.

அதற்குள் அவளுக்குப் போன் வந்தது. சற்றுத் தள்ளிப் போய்ப் பேசினாள். "இன்னும் இல்லீங்க சார்... அவரும் ரொம்பக் கஷ்டப்படறாருங்க... சாயங்காலத்துக்குள்ள எப்படியும் ஆயிருங்க சார்."

தன்னால் இந்தப் பெண்ணுக்கும் கெட்ட பெயர் என்று ஆறுச்சாமி கூசிப் போனார். பலகையை உற்றுப் பார்த்தார். காற்று அடிக்கும்போதெல்லாம் மூக்குதானே தூக்குகிறது? முன்பக்கம் கனம் இருந்தால் தூக்காதே. திருகைத் தளர்த்தி மரத்தை முன்னால் தள்ளி இறுக்கினார்.

ஏறினார். பலகை ஆடியது, ஆனால் மூக்கைத் தூக்கவில்லை. பாயில் காற்று நிரம்பியதும் சரசரவென்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. ஆறுச்சாமி விழாமல் நின்றுகொண்டே இருந்தார். அட்டைப்பெட்டியும் டேப்பும் லாரியும் எங்கேயோ பின்னால் போய்விட்டன. தன்னை அறியாமல் சத்தம் போட்டுச் சிரித்தார். தூரத்தில் ஆழம் குறைந்த இடத்தில் இறங்கி, பலகையை இழுத்துக்கொண்டு நடந்தே திரும்பினார்.

"பாத்தீங்களா அம்மணி! வீடியோ எடுத்துட்டீங்களா?"

தேஜஸ்ரீயின் முகம் செத்துப் போயிருந்தது. "மரத்தை யாருங்கண்ணா மாத்தினது?"

"நான்தானுங்க. காத்து பலமா அடிக்குதுன்னு முன்னால தள்ளினேன்."

"பலமா அடிச்சா முன்னாலதான் வெக்கணும்னு எனக்கும் தெரியுங்கண்ணா." அவள் தலையைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தாள். "வீடியோவெல்லாம் இல்லீங்க. தண்ணியில விழுந்து எந்திரிச்சா அக்குள்ல தையல் பிரியுதுன்னு சொல்லி, பையர் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பறேங்கறாரு. நெசமாவே பிரியுதான்னு நாம பாக்கணும். விழச் சொன்னா நீங்க பாத்துப் பதனமா விழுவீங்க. அதனாலதான் காத்துக்கு எதிர்மாறா மரத்தை மாத்தி மாத்தி வெச்சுக் குடுத்தேன்."

ஆறுச்சாமி கையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு நூல்கூட விடாமல் இருந்த அந்தத் தையலைத்தான் காலையிலிருந்து அவள் அத்தனை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.