பதினொரு சகோதரர்கள்

திருவாளர் லியாண்டர் பெத்துவேல் ஹாஸ்கின்ஸ் அவர்கள், வயது அறுபத்து நான்கு, தேவாலயத்தின் மூப்பர், ஒஹையோ மாநிலத்து மாவட்டக் குழுவின் உறுப்பினர், ஆதரவற்றோரை ஊர்ச் செலவில் வைத்துக் காக்கும் ஏழைப் பண்ணையின் சமையலறைக்குள் தொப்பியைக் கழற்றாமலே நுழைந்தார்.

"அல்மீடா அம்மா, உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?"

பண்ணையின் மேற்பார்வையாளர் அல்மீடா ஸ்ட்ரவுட், சூப் கிண்டிக்கொண்டிருந்த அகப்பையை நிறுத்தினாள்.

"ஏன் கேக்கறீங்க, ஐயா?"

"நானே சொல்றேன். பதினொண்ணு!" கையிலிருந்த காகிதக் கட்டை மேசைமீது அறைந்தார். "நாலு வருஷமா இங்க செத்தவங்கள்ல பதினொரு பேருக்கு 'உறவு: சகோதரி'ன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஒருத்தன் ஐரிஷ்காரன், ஒருத்தன் ஜெர்மன்காரன், ஒருத்தன் போலந்துக்காரன். உங்கப்பா கப்பல்லயே குடும்பம் நடத்துனாரோ?"

மூலையில் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்த பண்ணைவாசி கெசியா, "பெரிய மனுஷருக்குச் சிரிக்க வைக்கவும் வருதே!" என்றாள்.

"நீ சும்மா இரு. செத்தவன் உடைமை உறவுக்காரிக்குத்தானே போகும்? எவ்வளவு சுருட்டுனீங்க, அம்மா?"

"நான் சொல்றேன்," என்றாள் கெசியா. "ஐரிஷ்காரன் விட்டுட்டுப் போனது பாதி சீப்பு. போலந்துக்காரன் இடது கால் பூட்ஸ் ஒண்ணு. வலது கால் அவனுக்கே கெடையாது."

ஹாஸ்கின்ஸின் முகம் சிவந்தது. "உண்மையிலேயே உறவுன்னா, நீங்க காப்பாத்த வேண்டியவங்களுக்கு இத்தனை நாள் ஊர்ச் சோத்தைப் போட்டது தப்பு, உங்க வேலை போயிடும். உறவில்லைன்னா பொய்க் கையெழுத்து, ஜெயில். ரெண்டுல எது?"

அல்மீடா ஈரக் கையை மேலங்கியில் துடைத்தாள்.

"உறவில்லை, ஐயா."

அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அப்புறம் எதுக்கு?"

"உறவுன்னு யாரும் கையெழுத்துப் போடலைன்னா, முப்பத்தாறு மணி நேரத்துல பிணத்தை அறுத்துப் படிக்க மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பணும்னு உங்க குழுதான் தீர்மானம் போட்டுச்சு. முதல் ஆளை உப்புத் தண்ணிப் பீப்பாய்ல அடைச்சு நானே ரயிலேத்தினேன். பீப்பாய் பத்தலைன்னு காலை மடக்கச் சொன்னாங்க. மடக்கினேன். அதுக்கப்புறம் யாரையும் அனுப்ப எனக்கு மனசு வரலை."

அந்தத் தீர்மானத்துக்கு முதலில் கை தூக்கியவர் ஹாஸ்கின்ஸ். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும். பொய் பொய்தான். நாளைக்கே குழு கூடும். நீங்க மூட்டையைக் கட்டலாம். மத்ததை நீதிபதி பாத்துக்குவாரு."

"கட்டறேன், ஐயா. ஆனா கணக்கு பதினொண்ணு இல்லை, பன்னிரண்டு. நேத்து சாயங்காலம் ஒருத்தர் போயிட்டாரு. பின்னறையில கெடத்தியிருக்கு. இன்னைக்குக் காலையிலதான் கையெழுத்துப் போட்டேன்."

அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"எத்தனை ஆனா என்ன, எல்லாம் ஒரே திருட்டுத்தனம்!" வெடுக்கென்று பிடுங்கிப் படித்தார்.

இறந்தவர்: ரூஃபஸ் ஹாஸ்கின்ஸ். வயது: அறுபத்தேழு. உறவு: சகோதரி.

அவர் மீண்டும் படித்தார். எழுத்துகள் மாறவில்லை. அண்ணன் கான்சாஸ் பக்கம் பெரிய நிலக்கிழாராக வாழ்கிறான் என்று முப்பது ஆண்டுகளாக ஊராரிடம் அவர் சொல்லி வந்திருந்தார்.

கெசியா தான் உட்கார்ந்திருந்த முக்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"மூணு மாசம் படுத்த படுக்கையா இருந்தாரு," என்றாள் அல்மீடா, குரலை உயர்த்தாமல். "உங்களுக்கு ரெண்டு தடவை எழுதினேன். 'அப்படி எனக்கு யாரும் இல்லை'ன்னு ரெண்டு தடவையும் பதில் போட்டீங்க. சரி, உங்களுக்கு வேண்டாம்னா எனக்கு இருக்கட்டும்னு எடுத்துக்கிட்டேன்."

அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது.

ஹாஸ்கின்ஸ் தொப்பியைக் கழற்றினார். பதினொரு காகிதங்களையும் ஒன்றாக அடுக்கி அல்மீடாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு பேனா கேட்டார்.

நீதிமன்றத்தில் எவர் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கக்கூடிய அந்தப் பன்னிரண்டாம் காகிதத்தில், அவள் பெயரை அடித்துவிட்டு, தம் முழுப் பெயரை எழுதினார்.

உறவு: தம்பி. நாள்: 1907 நவம்பர் 14, வியாழக்கிழமை.