கறுக்காத அத்தி

"மூணு வருஷமாச்சு. ஒரு பழத்தையாவது கண்ணுல காட்டுச்சா இந்த மரம்?"

கடப்பாரையோடு வந்து நின்றான் புருஷன். அந்த இடத்தில் அவன் ஸ்கூட்டரை நிறுத்த வேண்டுமாம்.

அவள் மரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பேக்கரியில் அவளோடு வேலை செய்கிற ஒருத்தி, "குளிரைத் தாங்குற அத்தி, லேசுல கிடைக்காது" என்று ஒரு குச்சியைக் கொடுத்தாள். அதை நம்பி நட்ட மரம். பனிக்காலம் வந்தால் சாக்கைச் சுற்றி, அதன்மேல் தன் கம்பளியையும் போர்த்திவிடுவாள்.

"எனக்கு ஒரு நாளாவது இப்படிப் போர்த்தி விட்டிருக்கியா?" என்று புருஷனே கேட்டிருக்கிறான்.

காய் என்னவோ காய்க்கத்தான் செய்தது. பழுத்தால் அத்தி கறுக்கும் என்றுதான் அவளுக்குத் தெரியும். இதில் ஒன்றுகூடக் கறுக்கவில்லை. பச்சையாகவே இருந்து, பச்சையாகவே காணாமல் போனது.

"குருவி கொத்திட்டுப் போகுதுடி," என்பாள் பக்கத்து வீட்டு டீச்சரக்கா. "நீ வேலைக்குப் போனப்புறம் நான்தானே பார்க்கிறேன். இந்தக் குளிருக்கு அத்தி பழுக்குமா? ஆசைக்கும் ஒரு அளவு வேணாம்?"

அக்கா படித்தவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

"சரி, தோண்டிடுங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதல் குத்து விழுந்ததுதான் தாமதம். ஈரத் தலையில் துண்டோடு ஓடி வந்தாள் டீச்சரக்கா.

"ஐயையோ, வேணாம் தம்பி! நிழலுக்காவது இருக்கட்டும்."

"இங்கே வெயிலையே காணோம், நிழல் எதுக்குக்கா?"

"அழகுக்கு இருக்கட்டுமே."

"துடைப்பக்கட்டையை நட்டு வச்ச மாதிரி இருக்குன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?" என்றாள் அவள்.

புருஷன் மறுபடியும் கடப்பாரையை ஓங்கினான்.

"நிறுத்துப்பா! இந்த ஜாதி பழுத்தாலும் பச்சையாத்தான் இருக்கும். காம்பு துவண்டு தொங்குது பார், அதைப் பறி. உள்ளே அப்படியே தேன்!"

புருஷன் பறித்துப் பிட்டான். உள்ளே செக்கச்செவேல் என்றிருந்தது. ஒரு பாதியை அவள் வாயில் போட்டான். அவளுக்குக் கண்ணே சொருகிவிட்டது.

"இவ்வளவு விவரம் உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

டீச்சரக்கா துண்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதடி... இந்த வருஷம் போட்ட ஜாமிலே உனக்கும் ஒரு பாட்டில் தரணும்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்!"