சின்ன உழவாரனின் குரல்

கரும்பாலையின் பழைய புகைபோக்கிக்கு மேலே முதல் பறவை வந்தபோது மாலை மணி ஐந்தாகவில்லை.

டிசம்பர் வானம். அறுத்த வயலில் கரும்புச் சோகை எரியும் புகை, பாகு வாசனையோடு தாழ்வாக மிதந்து வந்தது.

"வந்துட்டானுங்க," என்றார் க்ளோவிஸ்.

இந்த லூசியானா ஆலையில் முப்பது வருடம் கொதிகலன் பார்த்தவர் அவர். நான் தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் இறந்த பிறகு, பதினொரு டிசம்பராக, பறவைக் கணக்கெடுப்புக்கு அவருடைய டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்து இந்த வானத்தைப் பார்க்கிறோம்.

வருவது உழவாரன் குருவி. எந்த உழவாரன் என்பதுதான் கேள்வி.

கோடையெல்லாம் இங்கிருக்கும் புகைபோக்கி உழவாரன், குளிர் தொடுமுன் அமேசானுக்குப் போய்விடும். பிறகு மேற்கிலிருந்து வாக்ஸ் உழவாரன் வரும். மற்றதைவிட ஒரு நகக்கண் அளவு சின்னது. தொண்டை கொஞ்சம் வெளுப்பு. அந்தியில் இரண்டும் ஒரே கரிக்கோடு.

சில வருடம் பெரியதில் ஒன்றிரண்டு போகாமல் தங்கிவிடும்.

குரல்தான் காட்டிக்கொடுக்கும். பெரியது படபடவென்று பேசும். சின்னதின் குரல் பூச்சி இரைவதுபோல மெலிசு. கேட்டோமா, நினைத்துக்கொண்டோமா என்றிருக்கும்.

க்ளோவிஸ் சொல்வார், நான் எழுதுவேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை. நான் மனதில் நினைத்ததையே சொல்வார்.

"இந்த ஊருக்கே உங்க காது ஒண்ணு போதும்," என்பேன்.

"எல்லாம் உன் காபி பண்ற வேலை," என்பார்.

இன்று காபி யாரும் தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது. தொலைவில் இருக்கும் துல்சா நகரத்துக்கு, மகன் வீட்டோடு போய்விடச் சம்மதித்திருந்தேன். இங்கே யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம் இன்று சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தேன்.

பறவைகள் சுழலத் தொடங்கின. ஐம்பது. நூறு. வெளியேறிய புகையெல்லாம் வீடு திரும்புவதுபோல் இருந்தது.

வடக்குக் காற்று எழுந்தது. கம்பளிச் சால்வையைக் கண்வரை இழுத்துக்கொண்டேன்.

தலைக்கு மேல் மெலிசான இரைச்சல் தூறியது. வாக்ஸ். அத்தனையும் வாக்ஸ்.

நடுவே சட்டென்று ஒரு படபடப்பு. போகாமல் தங்கிய ஒன்று!

பேனாவோடு காத்திருந்தேன். க்ளோவிஸ் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பினேன். அவர் வானத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சால்வைய இறக்கேன், எல்டா," என்றார். "எனக்குப் பறவை சத்தம் கேக்கல."

புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

"எத்தன வருஷமா?"

"கொதிகலன் காதத் தின்னு ஒம்போது வருஷம் ஆச்சு. பேச்சு கேக்கும், பறவை கேக்காது. பெருசு கத்தினா நீ சிரிப்ப. சின்னது கத்தினா மூச்ச நிறுத்திருவ. எனக்கு அது போதும்."

சால்வையை இறக்கினேன். காற்று கன்னத்தில் அறைந்தது. பறவைகள் ஒவ்வொன்றாகப் புகைபோக்கிக்குள் உதிர்ந்தன.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பக் கெளம்புற?" என்றார்.

மேலே வானம் காலியாகியிருந்தது.

"எங்கயும் போகல," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

நான் சொன்னது பொய்யில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.