சல்லடையில் நிற்காத காய்

பானுப்பிரியாவின் புத்தகப் பையைக் கணக்குப்பிள்ளை கன்னையன் வாசலில் கொண்டுபோய் வைத்தபோதே, வெளியேறப்போவது யார் என்று வகுப்புக்குத் தெரிந்துவிட்டது.

வைக்கச் சொன்னவர் காசிராஜன். போடியில் ஏலக்காய் வியாபாரம். போன வருஷத்திலிருந்து குடோன் மாடியில் நீட் கோச்சிங் சென்டரும் உண்டு. பானுப்பிரியா, குரங்கணிக்கு மேலே தோட்டத்தில் காய் பறிக்கும் ராக்குவின் மகள். பாதிக் கட்டணத்தில் படிக்கிறவள். போதாக்குறைக்குச் சந்தேகம் வேறு கேட்கிறவள்.

இயற்பியல் சார் விஜயகுமாருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. தை மாதம் காசிராஜனின் ஒரே மகளைக் கட்டிய கையோடு சாக்பீஸையும் கையில் வாங்கியவர் அவர்.

"அது தேறாத கேசு மாமா" என்று மாப்பிள்ளை சொன்ன பிறகுதான் காசிராஜன் இந்த இயற்பியல் பரீட்சையை வைத்தார். பேப்பரில் யாரும் பேர் எழுதக்கூடாது. ஏலத்தில் காய்க்கு நம்பர் போடுவதுபோல் பெஞ்சில் உட்காருகிற ஆளுக்கொரு நம்பர் சீட்டு. சீட்டைக் கொடுப்பது கன்னையன், திருத்துவது மதுரையில். கடைசியாக வருகிற ஆள் சென்டரை விட்டு வெளியே.

"நாளைக்கு ஒரு பய நம்மள ஓரவஞ்சனைன்னு சொல்லக்கூடாது. பிள்ளைக பயப்படாம எழுத நீங்களும் கூட உக்காருங்க மாப்ளே" என்றார்.

பரீட்சையன்று எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை கடைசி பெஞ்சில் குனிந்து, சட்டை நனைய வேர்த்து, எழுதிக்கொண்டிருந்தார். பாடக்குறிப்புக்கே இவ்வளவு உழைப்பா என்று மாமனார் பூரித்துப்போனார்.

இன்று பேப்பர்கள் வந்துவிட்டன. முதல் இடங்களில் வந்தவற்றைத் தட்டிக்கொடுத்து ஒதுக்கிவிட்டு, அடியில் கிடந்ததை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார் காசிராஜன்.

"பதினேழாம் நம்பரு. மைனஸ் பத்து. வெறும் பேப்பரக் குடுத்திருந்தாக்கூட சைபர் வந்திருக்கும். உக்காந்து எழுதியில்ல கெடுத்திருக்கு!"

வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"சல்லடையில நிக்காத காய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? வெரசா கெளம்பு ஆத்தா. சாயங்கால ஜீப்பு போயிரப்போவுது."

பானுப்பிரியா எழுந்தாள். கிளம்பவில்லை. தன் சீட்டை மேசைமேல் வைத்தாள்.

"என்னுது நாலாம் நம்பருங்க."

காசிராஜனுக்கு முகம் சுருங்கியது. நாலாம் நம்பர், சற்றுமுன் அவர் தட்டிக்கொடுத்த பேப்பர்களில் இரண்டாவது. அந்தக் கடுப்பு மொத்தமும் மற்ற பெஞ்சுகள் பக்கம் திரும்பியது. அங்கே இருந்ததெல்லாம் பையன்கள்.

"அப்ப பயலுகள்ல ஒருத்தன். எவன்டா அது? எந்திரி."

யாரும் எழவில்லை. கரும்பலகை ஓரம் நின்ற விஜயகுமார், ஏற்கெனவே துடைத்த பலகையை மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

"எந்திரிக்க வெக்கமா? மூஞ்சியையாவது காட்டுடா. இந்த மண்டைக்கெல்லாம் எந்தக் கிறுக்கன்டா பொண்ணு குடுப்பான்?"

வாசலில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த கன்னையன், அதைப் பானுப்பிரியாவின் இடத்திலேயே வைத்தார். பிறகு காசிராஜனின் காதருகே குனிந்தார்.

"நீங்கதாண்ணே குடுத்திருக்கீக."