பன்னிரண்டு ரிமோட்

கணக்கு உதைத்தது.

சாயல்குடிப் பக்கம் பெண்களுக்கான அந்த முதியோர் இல்லத்துக்குப் பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்க வேண்டும். வருஷத்துக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று கம்ப்யூட்டரில் மாடல் போட்டுக் கொடுத்தவள் ஹாஃபிஸா. மீட்டர் காட்டியதோ அதில் பாதிகூட இல்லை.

வேறு யாராவது என்றால் கேக் வெட்டியிருப்பார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு அறை, பன்னிரண்டு ஏசி. இந்த வெக்கையில் யாரை வேகவைத்து இவ்வளவு மிச்சம் பிடித்தார்கள்?

மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினாள். அறைகள் காலி. பன்னிரண்டு பேரும் சாப்பாட்டுக் கூடத்தில், ஒரே ஏசிக்குக் கீழே, கட்டிலோடு கட்டில் இடிக்கப் படுத்திருந்தார்கள்.

"நல்லாக் கேளு தாயி," என்றார் முதல் கட்டிலில் இருந்த பூமயில். பத்து வருஷம் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். குரல் இன்னும் இறங்கவில்லை. "ரூம் ரிமோட்டையெல்லாம் பிடுங்கிப் பூட்டி வச்சிருக்கான் அந்த முஹைதீன். கஞ்சப் பிசினாறி."

மேனேஜர் முஹைதீன் மறுக்கவே இல்லை. டிராயரைத் திறந்தே காட்டினார். பன்னிரண்டும் ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்தன.

"உங்க அம்மாவா இருந்தா இப்படிப் பூட்டுவீங்களா சார்? நடந்ததை அப்படியே ரிப்போர்ட்ல எழுதுவேன்."

"எழுதிக்கங்கம்மா," என்று டிராயரைச் சாத்தினார்.

அவள் வாசலில் செருப்பு மாட்டும்போது நர்ஸ் ஜெயப்பிரியா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"எழுதிராதீங்கக்கா. பூமயிலம்மா தனியா இருந்தப்ப வீட்டுக்குள்ள விழுந்து, ரெண்டு நாளு யாருக்கும் தெரியாமக் கெடந்தவங்க. இங்கன வந்தும் கதவைச் சாத்துனா தூங்க மாட்டாங்க, விடிய விடிய உக்காந்தே இருப்பாங்க. பயமாருக்குன்னு வாய்விட்டுச் சொல்ற ஆளா அவங்க? அதான் மத்த பதினோரு பேரும் ரிமோட்டைக் கொண்டாந்து சார்ட்ட குடுத்து, பூமயிலோடதையும் எடுத்துக்க, நீ பூட்டுனதாவே இருக்கட்டும்னுட்டாங்க."

ஹாஃபிஸா மாட்டிய செருப்பைக் கழற்றினாள். யாரும் வேகவில்லை. தப்பு மாடலில்தான், ஆளுக்கு ஓர் அறையில் தனித்தனியாகத் தூங்குவார்கள் என்று போட்டிருந்தாள். அதைத் திருத்தினால் சான்றிதழ் தானாக வரும்.

திரும்பிக் கூடத்துக்குள் போனாள்.

"என்ன தாயி, ரிமோட்டைக் குடுத்துட்டானா?" பூமயிலின் விரல்கள் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தன.

"இல்லம்மா. ரூம் ஏசியைப் போடக் கூடாதுன்னு எங்க ஆபீஸ் ரூல். இனியும் பூட்டித்தான் வைக்கணும்னு நானே சொல்லியிருக்கேன்."

"நீயும் அவன் ஜோடிதானா?" என்று திட்டிக்கொண்டே தலையணையைத் தட்டிப் போட்ட பூமயில், அடுத்த நிமிஷமே குறட்டை விட ஆரம்பித்தார்.